ஒன்பது கிலோ குறைத்த பவுடர்

மலேசியாவின் கிள்ளானில் உடல் மெலியப் பவுடர் விற்ற ரம்லத்துக்கு அவளே விளம்பரம். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். வாங்கிக் குடித்தவர்களுக்கோ ஒரு கிலோகூட இறங்கவில்லை. "ஒழுங்கா குடிச்சா எறங்கும் லா" என்று பழியை அவர்கள் மேலேயே போட்டாள்.

காலி டப்பாவோடு சண்டைக்கு வந்தாள் கிளினிக் நர்ஸ் மாதவி. சண்டை முடிவதற்குள் ரம்லத் இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடினாள். ஒரு பெரிய போத்தல் தண்ணீரையும் காலி செய்தாள். மாதவிக்குக் கோபம் போய்ச் சந்தேகம் வந்தது.

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க அக்கா?"

"நாலஞ்சு தடவ. பவுடர் கொழுப்பக் கரைச்சு வெளிய தள்ளுதுல்ல."

"கண்ணு மங்கலா தெரியுதா?"

"லேசா. வயசாகுதே."

மாதவி அவளைக் கையோடு கிளினிக்குக் கூட்டிப்போனாள். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை மீட்டர் இருபத்திரண்டு மில்லிமோல் காட்டியது.

"சாப்பிட்ட பொறகுகூட எட்டுக்குள்ள இருக்கணும் அக்கா. உங்கள எளைக்க வச்சது இனிப்புநீர்தான், சர்க்கரை வியாதி."

ரம்லத் மீட்டரை இன்னொரு தடவை பார்த்தாள். ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு. "அப்போ பவுடர்?"

"வெறும் மாவு."

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் தாகம் அடங்கியது, கண் தெளிந்தது, நாலு கிலோவும் திரும்பி வந்தது. ரம்லத் பவுடரை விட்டுவிட்டு, பழைய வாடிக்கைக்காரிகளுக்கே பாஜு கூரோங் என்ற தொளதொள மலாய் உடை விற்கிறாள். பெரிய சைஸ்தான் நன்றாகப் போகிறது.