கதிரை போகும் அகலம்

பிலிமத்தலாவைக்கு மேலே உள்ள சரிவில், ஸெய்னுலாப்தீன் நாலடிக்கு ஒன்றாகக் கொங்கிறீட் தூண்களை நட்டுக்கொண்டே வந்தார். அதற்கு மேல் விட்டால் கம்பி தொய்ந்து பன்றி நுழைந்துவிடும் என்பது அவர் கணக்கு. போன மாதம்தான் அவருடைய மரவள்ளி முழுவதையும் அது உழுதுபோட்டிருந்தது. மேல்காணிப் பியட்றிஸ் அரிசி புடைக்கிற சாக்கில் குசினி வாசலில் நின்று ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலி நீள நீள, சுளகில் அரிசி புடைக்கப்படாமலே கிடந்தது.

அவள் வீட்டிலிருந்து றோட்டுக்கு இறங்கச் செங்குத்தான படிகள் மட்டுந்தான். மழைக்காலத்தில் கணவர் அமலதாஸுக்கு நெஞ்சுவலி வந்தபோது, சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில் அவரை உட்காரவைத்து, ஸெய்னுலாப்தீனும் மகன் ஸாகியும் தங்கள் காணி வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். மனுசன் பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, இப்போது உள்ளே உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார் என்றால் அந்த வழியால்தான். மறுபடி ஒருநாள் வலி வந்தால்? உயிரைக் காப்பாற்றித் தந்தவரிடம் எந்த முகத்தோடு வழியும் கேட்பது?

ஸெய்னுலாப்தீன்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்தக் கதிரைய எடுத்துட்டு வாங்க."

எந்தக் கதிரை என்று கேட்காமலே அவள் அதைத் தூக்கி வந்தாள். அவர் அதை இரண்டு தூண்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். இந்த இடத்தில் கம்பி வராது, திறந்து மூடுகிற கேற்தான் என்றார். கதிரைக்கு இடம் தாராளம். தூக்குகிறவர்களைத்தான் மறந்துபோயிருந்தார். சட்டென்று அவரே ஏறி உட்கார்ந்து, ஸாகியையும் வேலைக்கு வந்த ரமேஸையும் இருபுறமும் பிடித்துத் தூக்கச் சொன்னார். அவர் என்ன லேசான ஆளா? இருவர் முழங்கையும் தூணில் இடித்து, முனகல் வந்தது. அந்தரத்தில் இருந்தபடியே, நட்டு ஈரம் காயாத ஒரு தூணைப் பிடுங்கி, இடைவெளி ஆறடி வரும்படி தள்ளிப் போடச் சொன்னார்.

பியட்றிஸுக்குப் பொறுக்கவில்லை. "அம்புட்டுப் பெரிய கேற்றுன்னா பன்றி முட்டித் தெறந்துருமே, ஸெய்னுலாப்தீன் நானா."

"பண்டி வந்தா மரவள்ளியத்தான் திங்கும், தங்கச்சி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரைப் பக்கத்துக் காணியில் வைத்த மாதாவுக்கு எத்தனை மெழுகுதிரி கொளுத்தினாலும் போதாது என்று நினைத்தாள்.

தூண் இடம் மாறியதும் அமலதாஸ் வெளியே வந்தார். தன் கதிரை அந்த இரண்டு தூண்களுக்கும் நடுவே கிடப்பதைப் பார்த்து, போய் அதில் உட்கார்ந்தார். பிறகு தேங்காய்ப்பூ ஒட்டிய இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நீட்டினார். எந்தத் தூணும் எட்டவில்லை.