மேட்டு வீட்டுத் தண்ணீர்

எங்கள் தெரு ஒரே சரிவு. மேல் முனையில் என் வீடு, கீழ் முனையில் ஏரி. ஏரியை ஒட்டின கடைசி வீடு தையல்காரியுடையது. தெருவில் எல்லோருக்கும் நான் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. பட்டப்பெயர் மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

என் வீட்டு முற்றம் முழுக்க சிமெண்டுத் தளம். சேறு என்றாலே என் வீட்டுக்காரருக்கு ஆகாது. கொத்தனாரின் பக்கத்திலேயே நின்று, உயிரை வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் வைத்துப் போடச் சொன்னார். முதல் மழையில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியதைப் பார்த்து, ஏதோ அணையே கட்டிவிட்டவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தியா, ஒரு சொட்டு நிக்குதா?" என்றார். நிற்கவில்லை. அவரும் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

மகன் கடல் தாண்டி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். மற்ற நாட்களில் நான் டிவியில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவேன். அந்த மனிதர் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஆனால் மழை வந்தால் கதையே வேறு. சாக்கடை பொங்கித் தண்ணீர் கீழ்வீடுகளுக்குள் ஏறும். உடனே தையல்காரி, தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வருவாள். பின்னால் அவள் புருஷன், வேன் ஓட்டுகிறவர், தன் அம்மாவை முதுகில் சுமந்து வருவார். அந்த அம்மா முதுகில் உட்கார்ந்தபடியே மகனுக்கு வழி சொல்வார். அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து என் முற்றத்தில் நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுப்பார். அந்த ஸ்கூட்டர் எப்போதும் எண்ணெய் ஒழுகும்.

அன்றைக்கு என் வீட்டில் அத்தனை பாயும் விரிக்கப்படும், அத்தனை டம்ளரும் வெளியே வரும். சீட்டாட்டத்தில் பூட்டுக்காரர் கூசாமல் ஏமாற்றுவார். தையல்காரியின் மாமியார் விடும் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். எனக்கு இரண்டு நாள் இடுப்பு ஒடியும். அதைவிட நல்ல நாட்கள் என் வருஷத்தில் கிடையாது. வானம் கறுத்தால் தெருவே பயப்படும். நான் மட்டும் பால் கூடுதலாக வாங்கி வைப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஏரி அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். ஏரி பச்சைப் பாயாக மூடி, மீன்கள் செத்து மிதந்துகொண்டிருந்த நேரம். ஏரிக்கு அக்கரையிலிருக்கும் ஆலைக்காரர்கள்மேல் பழி போட்டு நான் வாயைத் திறக்குமுன், அவள் ஒரு வாளித் தண்ணீரில் நீலச் சாயத்தைக் கலக்கி என் வாசற்படியில் ஊற்றினாள்.

நீலம் என் முற்றத்தில் ஒரு நொடிகூடத் தங்கவில்லை. வீட்டுக்காரர் வைத்த வாட்டம் அப்படி. ரோஜாத் தொட்டிகளைச் சுற்றி நான் அள்ளிப் போட்டிருந்த உரக் குருணையை நனைத்து, ஸ்கூட்டர் எண்ணெய்க் கறையைத் தொட்டு, நான் காலையில் தளம் கழுவிய சோப்பு நுரையையும் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது. நாங்கள் இருவரும் அதன் கூடவே நடந்தோம். வழியில் எந்த வாசலிலும் அதற்கு வேலை இல்லை. நேராகப் போய்த் தையல்காரியின் படியில் முட்டி நின்றது.

"உங்க கூரைத் தண்ணியும் இதே வழிதாம்மா. மேல இருக்கிற பெரிய முற்றம் உங்களோடதுதான்," என்றாள் அந்தப் பெண். "பாதித் தளத்தை உடைச்சு, தாம்பாளம் மாதிரி ஆழமில்லாத பள்ளம் எடுப்போம். அடியில மணல், ஜல்லி. மேல கல்வாழை, கோரை. கூரைக் குழாயை அதுக்குள்ள திருப்பிட்டா தண்ணி அங்கேயே நின்னு மண்ணுக்குள்ள இறங்கிடும். ஏரியைப் பச்சையாக்குற உரத்தையும் அழுக்கையும் மண்ணு பிடிச்சுக்கும். ஏரியும் தப்பிக்கும், கீழ்வீடும் தப்பிக்கும்."

"கீழ தண்ணியே ஏறாதா?" என்று கேட்டேன்.

"ஏறாதும்மா!"

"சுத்தமாவா?"

"பெருமழைக்கும் ஏறாது!" நான் சந்தோஷத்தில் கேட்கிறேன் என்று நினைத்து அவள் முகம் மலர்ந்தது. எனக்கோ விரிக்காத பாய்களும் எடுக்காத டம்ளர்களும்தான் கண்முன் வந்தன.

"இது எங்க வீட்டுக்காரர் ஆசையா போட்ட தளம்," என்றேன், குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டு. "உடைக்க மனசு வரலைம்மா." அந்தப் பெண் உடனே தலையைக் குனிந்துகொண்டு, யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனாள். உண்மையில் அந்தத் தளத்தின்மேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. வெயிலில் காலைப் பொசுக்கும். செத்துப்போன மனிதர் அன்றைக்கு எனக்கு ஒத்தாசை செய்தார், அவ்வளவுதான்.

அடுத்த மழை சாயங்காலம் பிடித்தது. எல்லோரும் வந்தார்கள். பாய் விரித்தேன், டம்ளர்களை எடுத்தேன். ஆனால் மாமியாரைக் கீழே இறக்கும்போதே கவனித்தேன், வலது கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. போன மழையில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரில் நின்றபோது பட்ட ஒரு கீறல், ஆறாமல் சீழ் வைத்திருந்தது. இப்போது அதே தண்ணீர் மறுபடியும் அதில் பட்டிருந்தது.

நான் வெந்நீர் வைத்துக் கழுவினேன். புண்ணைச் சுற்றி வழவழவென்று எண்ணெய்ப் பிசுக்கு. துடைக்கத் துடைக்க வந்தது. என் முற்றத்து எண்ணெயை நான் கை நிறைய வழித்துக்கொண்டிருந்தேன்.

"நீ இருக்கியே, அதுபோதும் தாயீ," என்றார் மாமியார், என் தலையில் கை வைத்து. "இந்தத் தெருவுல எங்களுக்குன்னு ஒரு கதவு திறந்திருக்கு."

பின்கட்டில் தையல்காரி குழாயடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சீருடைகளை அலசிக்கொண்டிருந்தாள். அத்தனையும் அவள் தைத்து முடித்து வைத்திருந்தவை. வெள்ளைச் சட்டைகளில் கறுப்பாகக் கறை ஏறியிருந்தது. கசக்கினாள், முகர்ந்தாள், மறுபடியும் கசக்கினாள்.

"போகலைக்கா," என்றாள். "யாருக்குன்னு பதில் சொல்லுவேன்? மழைன்னாலே எனக்கு இப்பல்லாம் கை நடுங்குது. இந்த வீட்டையே விட்டுட்டு எங்கயாவது போயிடலாமான்னு இருக்கு."

உள்ளே பூட்டுக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. இவள் கை நடுங்கும் நாளைத்தான் நான் எதிர்பார்த்து எதிர்பார்த்துப் பால் வாங்கியிருக்கிறேன். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் செய்து, "உடைச்சிடுங்க," என்றேன். மனசு எப்படி மாறியது என்று கேட்டாள். "கனவுல வந்து சொன்னாரு," என்றேன். இதற்கும் அவர்தான்.

தளத்தை உடைக்கும் சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சிமெண்டுக்குக் கீழே மண் வெளுத்து, பொடிந்து, இத்தனை வருஷம் தண்ணீர் கண்ணில் படாமல் கிடந்தது. பள்ளம் வெட்டி, மணலும் ஜல்லியும் கொட்டி, கூரைக் குழாயைத் திருப்பினோம். கல்வாழையும் கோரையும் வைத்தோம். உரக் குருணைப் பையைக் கட்டிக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, ரோஜாவுக்கு மக்கின இலையைப் போட்டேன். பூட்டுக்காரரின் ஸ்கூட்டருக்கு என் வீட்டில் இனி இடமில்லை, ஒழுகுவதை அடைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டேன். நடுத்தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் வாசலிலும் பள்ளம் எடுத்தார்கள். வேலை நடந்த நாட்களில் வீடு கலகலவென்று இருந்தது. முடிந்ததும் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

பெருமழை அதற்கப்புறம் வந்தது. மதியத்திலிருந்தே வானம் இருண்டது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, பழக்கத்தில் பால் காய்ச்சியது, பாய்களை உதறியது, துண்டுகளை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தது. மழை அடித்து வெளுத்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். குழாய்த் தண்ணீர் பள்ளத்துக்குள் விழுந்தது, சுழன்றது, கோரையின் இடுப்பு வரை ஏறி நின்றது. தெருவுக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. என் மீசைக்காரர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

யாரும் வரவில்லை. கீழே ஒவ்வொரு வீட்டிலும் கதவு மூடியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது.

போன் அடித்தது. தையல்காரி. "அக்கா! படியைக்கூடத் தொடலைக்கா! மிஷின் ஓடிட்டே இருக்கு, கேக்குதா?" போனை மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கடகடவென்று சத்தம் கேட்டது. "அத்தை குறட்டை விடுறாங்க. மழையில நாங்க எங்க வீட்லயே தூங்கறது இதுதான் முதல் தடவை. நீங்க நல்லா இருக்கணும்க்கா!"

"சந்தோஷம்மா," என்றேன். பொய் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் வீட்டின் அமைதி என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. பாலில் ஏடு கட்டியிருந்தது. துண்டுகள் மடித்தபடி இருந்தன. இந்த வீட்டுக்கு யாராவது வருவதற்கு இருந்த ஒரே காரணத்தை நானே கையால் பள்ளம் வெட்டிப் புதைத்துவிட்டேன் என்று தோன்றியது. செய்தி வாசிப்பவரிடம் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் அழுதேன். அதைப் பார்க்கவும் ஆள் இல்லை.

பிறகு குடையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. கொட்டும் மழையில் அந்தத் தெருவில் நடக்க முடிகிறது என்பதே எனக்குப் புதுசு. சாக்கடை நாற்றம் இல்லை, முழங்கால் தண்ணீர் இல்லை. செருப்பு மட்டும்தான் நனைந்தது. கீழே போய்த் தையல்காரியின் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் பதறிப்போனாள். "என்னக்கா இந்த மழையில? உங்க வீட்ல தண்ணி ஏறிடுச்சா? பள்ளம் நிரம்பிடுச்சா?"

"அதெல்லாம் இல்லை." என் மூளை எந்தக் காலத்திலும் சமயத்துக்கு வேலை செய்ததில்லை. "கரண்ட் போயிடுச்சு. அதான், இருட்டுல எதுக்குன்னு..."

அவள் என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். மேட்டில் என் வீட்டு வாசல் விளக்கு, கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. கிளம்பும் அவசரத்தில் ஒன்றையும் அணைக்கவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடையை மடக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். தையல்காரி அந்தக் குடையை என் கையிலிருந்து வாங்கிக் கதவோரம் சாய்த்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த சீருடைகளை ஒதுக்கி, ஒரு பாயை விரித்தாள்.

"உள்ள வாங்கக்கா," என்றாள். "கரண்ட் வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. இந்த மழையில அது எப்ப வருமோ."