ஜெபத்தில் கிழிந்த சீட்டு

எங்கள் முதலாளியை முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. பிரதர் என்றுதான் கூப்பிட வேண்டும். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் சகோதரர்கள் என்பார். சகோதரனுக்குக் கொடுக்கிற சம்பளம் மட்டும் வேலைக்காரன் சம்பளம்.

சலவைக்கூடம் அவருடையது. வாசலில் சிலுவை. வண்டியின் இரண்டு பக்கமும் வசனம். வெளுத்த துணியைப் போட்டுக் கொடுக்கிற பையிலும் வசனம். அதைப் பார்த்து, விசுவாசி கடை, ஏமாற்ற மாட்டான் என்று தூரத்திலிருந்தெல்லாம் மூட்டை வரும்.

நான் மெஷினில் துணி போட்டு எடுக்கிறவன். என் மருமகள் இஸ்திரி மேசையில். மகன் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் நானும்தான் ஒரு வீடு. அவள் சம்பளம் வாடகைக்கு, என் சம்பளம் வயிற்றுக்கு.

தினமும் மெஷின் ஓடுவதற்கு முன்னால் ஜெபம். வட்டமாக நின்று கண்ணை மூட வேண்டும். பிரதர் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார். திட்டெல்லாம் ஜெபத்தில்தான் வரும். "ஆண்டவரே, தூக்கத்துக்கு அடிமைப்பட்ட பிள்ளைகளை விடுதலையாக்கும்" என்றால் நெட்டை நேற்றுத் தாமதமாக வந்திருக்கிறான் என்று அர்த்தம். நெட்டை எங்களோடு இஸ்திரி போடுகிறவன். ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேசக் கூடாது. முடிவில் நாமே ஆமென் சொல்லி நம் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"பெரியவரே, கடவுள்கிட்டயே நம்மள போட்டுக் குடுக்கிற முதலாளி இவர் ஒருத்தர்தான்" என்பான் நெட்டை.

நான் கண்ணை மூடுவதில்லை. நாலு பேர் மத்தியில் கண்ணை மூடுகிறவன் ஏமாளி. என் மருமகள் மூடுவாள், இறுக்கி மூடுவாள். அவளோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போது நான் இல்லை என்று சொல்லச் சொன்னால், "மாமா உள்ளதான் இருக்காங்க, இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்பாள்.

ஓர் ஆஸ்பத்திரித் துணி எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் தனி மெஷினில், கொதிக்கிற தண்ணீரில், மருந்து போட்டு வெளுக்க வேண்டும் என்பது பேச்சு. ஹீட்டர் கெட்டது. பிரதர் அதைச் சரி பண்ணவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பச்சைத் தண்ணீரில் போடச் சொன்னார். போட்டேன். எனக்கென்ன?

ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா நேரில் வந்துவிட்டாள். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கெல்லாம் முதுகில் புண் வருகிறதாம்.

"சிஸ்டர், நாங்க தேவனுக்குப் பயந்து தொழில் பண்றவங்க. தனி மெஷின், கொதிக்கிற தண்ணி" என்றார் பிரதர்.

அவள் சும்மா போயிருக்கலாம். இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பி, "அப்படித்தானாம்மா?" என்றாள்.

என் மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இல்லைங்க. ஹீட்டர் கெட்டு ரெண்டு மாசமாச்சு. எல்லாம் ஒண்ணாத்தான் போடுறோம்."

நர்ஸம்மா வாசலில் இருந்த சிலுவையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "வாயில பூட்டு கீட்டு கிடையாதா உனக்கு?"

"கேட்டாங்களே மாமா."

"அதான் பிரதர் பதில் சொல்லிட்டாரே!"

"அதனாலதான் மாமா நானும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

மறுநாள் காலையில் பிரதர் சிரித்த முகமாக வந்தார். ஜெபத்தை ஆரம்பித்தார்.

"அன்பின் பிதாவே, இஸ்திரி மேசையில் உழைத்த எங்கள் அருமைச் சகோதரிக்காக ஸ்தோத்திரம். இதைவிட மேலான இடத்துக்கு அவளை அழைத்திருக்கிறீர். அந்த வாசலை இன்றைக்கே திறந்தருளும். சந்தோஷமாய் வழியனுப்ப எங்களுக்கும் பெலன் தாரும்."

சீட்டைக் கிழித்துவிட்டார். நெட்டை ஒற்றைக் கண்ணைத் திறந்தான். பிரதரும் பாதிக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று மூடிக்கொண்டார்.

அவர் ஆமென் சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். மூடிய கண் மூடியபடியே.

"அப்பா, எனக்கு இந்த வேலை வேணும்பா. வாடகை இருக்கு, மாமா இருக்காங்க. அங்க புண்ணோட படுத்திருக்கிறவங்களுக்குச் சொஸ்தம் குடுங்க. பிரதருக்கு ஹீட்டரச் சரி பண்ற மனசக் குடுங்க. நான் சொன்னது பொய்னா என்னைத் தண்டியுங்க. பொய் இல்லைன்னா, அவரு என் முகத்தைப் பார்த்துப் போன்னு சொல்லட்டும். போயிடறேன். ஆமென்."

ஜெபத்துக்குக் குறுக்கே பேசக் கூடாதே! அவர் போட்ட சட்டம் அவரையே கட்டிப் போட்டது.

"ஆமென்" என்றான் நெட்டை, கொஞ்சம் சத்தமாகவே.

அவள் கண்ணைத் திறந்து அவரை நேராகப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். "வேலையப் பாருங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். அவள் மேசைக்குப் போய்ச் சட்டை ஒன்றை விரித்தாள். எதையும் நம்பாத எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது.

மத்தியானம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பெரியவரே, அவ எனக்கு மக மாதிரி. என் வாயால வரலை. நீங்களே சொல்லிடுங்க."

"நானா?"

"உங்களையும் சேர்த்து அனுப்ப எனக்கு மனசில்லை, பாருங்க."

இந்த வயதில் என்னை எவன் வேலைக்கு வைப்பான்? மேசைக்குப் போனேன். அவள் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போம்மா" என்றேன்.

"அவரு சொன்னாரா மாமா?"

"நான் சொல்றேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலரை முடித்துச் சட்டையை மடித்து வைத்தாள். மேசையைத் துடைத்தாள். "சாயங்காலம் வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்க மாமா, வீட்ல இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஆள் குறைந்துவிட்டது, அந்த மேசையையும் நீங்களே பாருங்கள் என்றார் பிரதர்.

பார்த்தேன்.