ஒருத்தராவது மிஞ்சணும்

குக்கர் விசில் அடித்து அடங்கியபோதுதான் அல்போன்சாவுக்கு உறைத்தது, ஹாலில் டிவி சத்தமே இல்லை. அவள் புருஷன் அமலநாதன் டிவியை நிறுத்துகிற ஆள் இல்லை. தூங்கும்போதுகூட அதை ஓடவிட்டுத்தான் தூங்குவார். கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதில் விழக்கூடாதென்று சத்தத்தை மட்டும் குறைத்திருந்தார். வடக்கே ஏதோ ஊரில், தரையிறங்கப் போன ஒரு சின்ன ஜெட், ரன்வேக்கு முன்னாலேயே வயலில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. கரும்புகை, உடைந்த வால், ஓடுகிற போலீஸ்காரர். மறுபடி கரும்புகை, உடைந்த வால்.

சனிக்கிழமை புனேயில் மகள் சுனிதாவின் புது பிளாட்டுக்கு ஃபாதர் வந்து மந்திரிப்பு. வெள்ளிக்கிழமை காலை விமானம். பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் பார்த்து சுனிதாவே டிக்கெட் போட்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விமானத்தில் ஏறப்போவது இதுதான் முதல் தடவை.

அன்று முழுக்க பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த ஜெட் விழுந்துகொண்டே இருந்தது. பால் வாங்கப் போன இடத்தில் விழுந்தது, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் விழுந்தது, மாலையில் பார்க் பெஞ்சில் ஸ்ரீகண்டன் வாயில் விழுந்தது. கீழ் வீட்டு ஸ்ரீகண்டன் ஒரே நாளில் விமான நிபுணராகியிருந்தார். சின்ன பிளேன் என்றால் ஆபத்து, பெரிய பிளேன் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதில் ஆள் ஜாஸ்தி என்றார். வால் பக்கத்து சீட்டுதான் சேஃப் என்றவர், டிவியில் தனியாகக் கிடந்த வாலை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பேசாமல் உத்யான் எக்ஸ்பிரஸ் ரயிலில் போய்விடச் சொன்னார். அல்போன்சா சிரித்தாள். அமலநாதன் சிரிக்கவில்லை. செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மசூதி ரோடு வரை போய் வருவதாகச் சொல்லிப் போனவர், ஒரு பொட்டலம் தேங்காய் பன்னோடு திரும்பினார். அல்போன்சாவுக்குத் தேங்காய் பன் என்றால் உயிர். அவராக அதை வாங்கி வந்தால் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

"நீ காலைல போயிடு. நான் சாயந்திர பிளைட்ல வந்துர்றேன். டிராவல்ஸ்ல சொல்லி மாத்திட்டேன்" என்றார், பன்னைப் பார்த்துக்கொண்டே.

கேட்டதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்தது பழைய ஏர்போர்ட் ஞாபகம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை, அங்கேயே ஒரு கப்பல் கம்பெனியில் அவருக்குக் கணக்கு வேலை. ஏழு வயசு சுனிதா இங்கே பிரேசர் டவுனில், அல்போன்சாவின் அக்கா வீட்டில். அவர்கள் கிளம்பவிருந்த வருஷம்தான் பெங்களூரில் அந்தப் பெரிய விமானம் விழுந்தது. அன்றைக்கே அமலநாதன் சட்டம் போட்டுவிட்டார்: ரெண்டு பேரும் ஒரே விமானத்தில் ஏறக்கூடாது. பிள்ளைக்கு ஒருத்தராவது மிஞ்சணும். அன்று முதல் ஒவ்வொரு லீவுக்கும் அவள் முதலில், அவர் பிறகு. சுனிதாவுக்கு அது திருவிழா. மற்ற பிள்ளைகளுக்கு அப்பா அம்மா ஒரு தடவைதான் வருவார்கள், இவளுக்கு ரெண்டு தடவை. பெரியப்பாவின் மேட்டடார் வேனில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அடைந்துகொண்டு, டொம்லூர் தாண்டும்போதே கத்த ஆரம்பித்துவிடும். கம்பித் தடுப்புக்கு இந்தப்பக்கம் மல்லிகையும் வியர்வையும் டீசலும் கலந்த ஒரு வாசனை. இப்போதைய ஏர்போர்ட்டில் அந்த வாசனையை எந்த மூலையில் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி அல்போன்சா யாரிடமும் சொன்னதில்லை. தான் வந்து இறங்கியதற்கும் அவர் வந்து இறங்குவதற்கும் நடுவே அவள் பெட்டியைத் திறந்ததே இல்லை. சாக்லேட் கேட்டுச் சுனிதா காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது, அப்பா கொண்டு வருவார் என்று ஒவ்வொரு வருஷமும் அதே பொய். சாவி அவள் ரவிக்கைக்குள்தான் இருக்கும். வானத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை அங்கே போகும். திரும்பும்போது பிள்ளை ரெண்டு தடவை அழுவாள். அந்தக் கணக்கை மட்டும் அமலநாதன் யோசித்ததேயில்லை. ஊரோடு வந்த பிறகு எங்கே போனாலும் ரயில்தான். சட்டம் மாறவே இல்லை, அதற்கு வேலைதான் இல்லாமல் போயிருந்தது.

அல்போன்சா பன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள்.

"சுனிதாக்கு நாப்பது தாண்டிடுச்சு. நம்மள்ல ஒருத்தர் மிஞ்சி அவளுக்கு என்னத்த தலை பின்னிவிடப் போறோம்?"

"அதுக்கில்ல, அல்போ."

"பின்ன எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மாட்டிக்கொண்டார். "இத்தன வருஷம் அப்படிப் போனோம். ஒண்ணும் ஆகலையே. அத ஏன் இப்போ மாத்தணும்?"

இதுவா விஷயம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்காகப் போட்ட சட்டம் எப்போதோ தாயத்தாகிவிட்டிருந்தது. திட்டலாம் என்று வாயெடுத்தவள், நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போன நவம்பர்ல கல்பள்ளி கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனப்ப என்ன சொன்னீங்க? அப்பா குழியிலயே நம்ம ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு, கேட்டு வெச்சிட்டேன்னு பெருமையா சொன்னீங்களா இல்லையா? அங்க மட்டும் ஒண்ணா படுக்கலாம், பிளைட்ல ஒண்ணா உக்காரக் கூடாதா?"

அமலநாதனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் கலங்கிவிட்டது.

"உங்களுக்காக அங்கங்க நின்னு காத்துட்டிருந்தது போதும்ங்க" என்றாள் மெதுவாக. "மிஞ்சறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் ஒத்திகை பாத்திருக்கேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி மசூதி ரோடுக்குக் கிளம்பினார். ஆனால் விட்ட சீட்டு சும்மா கிடக்குமா? யாரோ வாங்கிவிட்டார்கள். அதே விமானத்தில், கடைசி வரிசையில்தான் ஒன்று மிச்சமிருந்தது. வாலுக்குப் பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை காலை, விமானத்துக்குள் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால் போனார். பக்கத்தில், அவர் விட்ட சீட்டில், லேப்டாப்போடு ஒரு பெண். அல்போன்சா பாதி கன்னடத்தில், பாதி ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். முதல் தடவை என்றதும் அந்தப் பெண் நம்பாமல் பார்த்து, பிறகு லேப்டாப்பை மூடி எழுந்து, "ஹோக்லி, பரவால்ல ஆன்ட்டி, அங்கிளை அனுப்பறேன்" என்று பின்னால் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அமலநாதன் வந்தார். எல்லோரும் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த சந்தில் எதிர்த் திசையில், மகளுக்கு எடுத்த பட்டுப்புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஸாரி, ஸாரி" என்று ஒவ்வொரு தோளிலும் இடித்துக்கொண்டு வந்தார். வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஏர்ஹோஸ்டஸ் உட்காரச் சொன்னாள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவர் காலி சீட்டைப் பார்த்தார், திறந்திருந்த விமானக் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அல்போன்சா கூப்பிடவில்லை. சீட்டில் குறுக்கே கிடந்த பெல்ட்டின் இரண்டு முனைகளையும் எடுத்து, இரண்டு கைகளிலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.