எங்கிருந்து வந்தது

கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டி ஒன்பது மாடி இறங்கிப் போய் உடையும் சத்தத்தைக் காதர் மைதீன் சமையலறை வாசலில் நின்று கேட்டார். அவர் மனைவி நூருன்னிசா சமையலறைச் சுவரிலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாயின் இரும்பு மூடியைச் சாத்தினாள். வியாழக்கிழமை அவளுக்கு மார்பில் அறுவை. டாக்டர் புற்று என்று சொல்லிப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒட்டாத தோசைக்கல், பிளாஸ்டிக் டப்பாக்கள், தலைச்சாயம் எல்லாம் அந்தக் குழாயில் போயிருந்தன. இன்று எண்ணெயின் முறை.

"இருவது வருசமா முட்டிக்குத் தடவுறேன். என்னத்தக் கலந்தாளோ லாத்தா," என்றாள். "ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துறாதேன்னு போன்ல சொல்லிட்டேன்."

லாத்தா என்றால் அக்கா ஆயிஷா. தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவள். எண்ணெய் வந்திறங்கினால் முதல் புட்டியைத் தங்கைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை அலமாரியில் அடுக்குவாள். உம்மா இறந்த வருடம் நூருன்னிசாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான்.

காதர் மைதீன் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் தொண்டர்களோடு களையெடுப்பு. காட்டு மரக்கன்றுகளை நட்டுக் காக்கும் வேலை அது.

போன மாதம் நட்டவற்றில் பாதியைக் காணவில்லை. ரேசம் மூடியிருந்தது. விசித்திரமான பெரணி அது. அதன் இலை ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடாது. நுனி இரண்டாகக் கிளைக்கும், கவட்டில் ஒரு மொட்டு உறங்கும். பிறகு அது விழித்து மேலே போகும், மறுபடி கிளைக்கும். பக்கத்துச் செடியே அதற்கு ஏணி. காய்ந்த பழைய இலைகள் உதிராமல் அடியில் மெத்தையாகச் சேர்ந்துவிடும். உள்ளே வெளிச்சம் இறங்காது.

"வெட்டிருங்க, அங்கிள். இதுவும் இன்வேசிவ்தான்," என்றாள் குழுவை நடத்தும் ரக்ஷனா.

"இது நம்ம ஊருச் செடியாச்சேம்மா. இன்வேசிவ்னு எப்படிச் சொல்றது? தமிழ் நோட்டீஸ்ல அந்த வார்த்தைக்கு நானே எழுதியிருக்கேன், 'வெளியிலிருந்து வந்து பரவும் செடி'ன்னு."

"அந்த நோட்டீஸக் காட்டி என்னை மாட்டி விட்றாதீங்க லா. பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் அந்த வார்த்தைக்கு மீட்டிங் போட்டுட்டு இருக்காங்க." சிரித்தபடி ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். உள்ளே வெளுத்துப்போய் ஒரு கன்று வளைந்து கிடந்தது. "இதக் கேட்டுப் பாருங்க. தன்ன மூடுனது எங்கேர்ந்து வந்துச்சுன்னா கவலைப்படும்? ரேசத்தையும் திட்ட முடியல, அங்கிள். மேடு மொட்டையா கிடந்தப்ப மண்ணு கரையாம புடிச்சு வச்சதே அதுதான். மரத்து நிழல் இருந்தவரைக்கும் ஓரமாத்தான் இருந்துச்சு. மரம் விழுந்து வெளிச்சம் வந்துச்சு, எல்லையத் தாண்டிருச்சு."

காதர் மைதீனின் அரிவாள் நின்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளில் படம் வரைந்து காட்டியிருந்தாள். பால் வரும் சன்னமான குழாய். உட்சுவரில் வரிசையாக உயிரணுக்கள். உயிரணு அளவில்லாமல் பெருகினாலும் குழாய்க்குள்ளேயே இருந்தால் ஒரு பெயர். சுவரைத் துளைத்து வெளியே வந்தால்தான் இன்வேசிவ். அவரும் தலையாட்டியிருந்தார். ரயிலில் திரும்பும்போது நூருன்னிசா, "இன்வேசிவ்னா என்னங்க?" என்று கேட்டாள். அவர் வாயிலிருந்து வந்தது நோட்டீஸில் எழுதிய வார்த்தை. "வெளியேர்ந்து வந்து பரவுறது."

அன்றிலிருந்துதான் அவள் அது நுழைந்த வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அவர் வீடு திரும்பியபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் தப்பா சொல்லிட்டேன், நூரு. அது வெளியேர்ந்து வரல. எண்ணெயில இல்ல, தோசைக்கல்லுல இல்ல. உன் உடம்போடதுதான். உள்ள இருந்தது வேலி தாண்டிருச்சு, அவ்வளவுதான்."

அவள் கைலியை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"என்னோடதேவா?"

"ம்."

"வெளியேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சப்ப யாரையாவது திட்ட முடிஞ்சுச்சுங்க." கைலியை மடியில் போட்டாள். "இப்ப யாரத் திட்ட?"

எந்த இயந்திரமானாலும் எப்படி ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர், கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஆயிஷாவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. குப்பைக் குழாயின் மூடியில், காலையில் புட்டியிலிருந்து வழிந்த எண்ணெய் ஒரு கோடாக நின்றிருந்தது. அவள் கட்டைவிரலால் அதை வழித்தாள். துடைத்துப் போடவில்லை. அக்காளின் குரலுக்குக் காத்தபடி, விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.