வெட்டாத ராணி

புருஷன் வீட்டிலிருந்து தன் கிராமமான கோபாலபுரத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் நர்மதா சதுரங்கத்தில் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தாள். மனசு ஒரு நிலைக்கு வந்துவிட்டதால் ஆட்டமும் கைக்கு வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

எதிரில் ஆடியவள் ஆர்த்தி. இருவரும் பக்கத்துச் சித்தூரில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள், கல்லூரி அணிக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். படிப்பு முடிந்ததும் ஆர்த்தி தன் ஊரான தேவிகுளத்துக்கே போய் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு வேலையில் சேர்ந்தாள். நர்மதா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஆட்டம் மட்டும் போனில் தொடர்ந்தது. ஆர்த்தி இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால், ஒரு காயை நகர்த்த ஒரு நாள் அவகாசம் என்று வைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பிய நர்மதா பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் நேரம் சும்மா கிடக்கும். வீட்டுக்குப் போனால் யாராவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். "என்ன பண்றது கண்ணு, உனக்கு இப்படி ஆயிருக்க வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அம்மா சின்னத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அப்பா செங்கோட்டையன் எழுந்து தென்னந்தோப்புக்குப் போய்விடுவார். அதனால் நர்மதா மதியத்திலும் சொசைட்டியிலேயே இருந்தாள். கேன் கழுவிய ஈரத்தரையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனைத் திறப்பாள். அந்த அறுபத்து நான்கு கட்டத்துக்குள் மட்டும் யாரும் அவளைப் பாவம் என்று பார்ப்பதில்லை என்று நம்பியிருந்தாள்.

ஒரு நாள் பால் வண்டி ஹாரன் அடித்த அவசரத்தில் விரல் தவறிவிட்டது. அவளுடைய ராணி போய் ஆர்த்தியின் குதிரை வெட்டக்கூடிய கட்டத்தில் நின்றது. போச்சு, இந்த ஆட்டம் அவ்வளவுதான் என்று வண்டியைக் கவனிக்கப் போய்விட்டாள். சாயங்காலம் பார்த்தால் ஆர்த்தி ஓரத்தில் ஒரு சிப்பாயை நகர்த்தியிருந்தாள். ராணி அப்படியே நின்றது.

நர்மதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. கல்லூரியில் எதிராளி அசந்து ஒரு சிப்பாயை விட்டால்கூடத் தாவி எடுக்கிறவள் ஆர்த்தி. அவளா ராணியைப் பார்க்காமல் விடுவாள்?

அந்த ஆட்டத்தை ஜெயித்து முடித்துவிட்டு, பழைய ஆட்டங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜெயித்த மகிழ்ச்சியில் அன்று கண்ணில் படாதது இன்று பட்டது. ஒரே நகர்த்தலில் முடித்திருக்கக்கூடிய இடத்தில் ஆர்த்தி மந்திரியைப் பின்னுக்கு இழுத்திருக்கிறாள். இன்னொன்றில் யானையைச் சும்மா கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். எல்லாமே நர்மதா ஊர் திரும்பிய பிறகு ஆடியவை.

அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் தோற்பதற்காக ஆடினாள். ஆட்டத்தை விட்டுக்கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறதுதான். ஆனால் அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆர்த்தி தன் கையால் வெட்ட வேண்டும். குதிரையைக் கொடுத்தாள், யானையைக் கொடுத்தாள். ஆர்த்தி எதையும் தொடவில்லை. பதிலுக்குத் தன் மந்திரியைக் கொண்டுவந்து நீட்டினாள். நர்மதாவும் அதைத் தொடவில்லை. ரிசார்ட்டில் வாராவாரம் மாறும் ஷிப்டுக்கு நடுவில், மலையில் மழை பெய்து சிக்னல் போன நாட்களுக்கு நடுவில், இரண்டு பேரும் தோற்பதற்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தன் திட்டம் தெரிந்துவிட்டது என்பது ஆர்த்திக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவளும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஆர்த்தி தன் ராணியைக் கொண்டுவந்து செக் வைத்தாள். நர்மதா திரையை வெகுநேரம் பார்த்தாள். ராஜா நகர இடமில்லை. குறுக்கே வைக்கக் காயுமில்லை. யானையால் அந்த ராணியை வெட்டுவது ஒன்றுதான் வழி. வெட்டினால் அதுவே ஆர்த்திக்குச் செக்மேட். வேறு எதுவும் செய்ய முடியாதபடி கட்டிப்போட்டு அவளை ஜெயிக்க வைத்திருந்தாள். தோற்பதிலும் ஆர்த்திதான் கெட்டிக்காரி.

நர்மதா வெட்டவில்லை. போன் போட்டாள்.

"எத்தன நாளாடி இப்படிப் பண்ணிட்டிருக்கற?"

மறுமுனையில் யாரோ விருந்தாளிகள் சாவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தி வெளியே வந்து பேசினாள். "மொத தடவ ஒண்ணே ஒண்ணுதான்டி விட்டேன். நீ ஜெயிச்சுட்டு போன் போட்டுச் சிரிச்சே. ஊருக்கு வந்தப்புறம் அன்னைக்குத்தான் நீ சிரிச்சுக் கேட்டேன். பெறகு நிறுத்த முடியல."

"இங்க ஊரே என்னையப் பாவம் பாக்குது. நீயுமாடி?"

"வேற என்னத்தச் செய்யச் சொல்லுத? என்ன நடந்துச்சுன்னு எத்தன தடவ கேட்டேன்? ஒண்ணுமில்ல, வுடுன்னே. அவன் அடிச்சானா, நீயா வந்தியா, அவனா அனுப்பினானா, எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நான் குடுத்ததுல நீ வாங்கிக்கிட்டது இது ஒண்ணத்தான்."

நர்மதா போனை வைத்தாள். அந்தக் காயையும் நகர்த்தவில்லை. மறுநாள் அவகாசம் முடிந்து, ஆர்த்தி ஜெயித்ததாகத் திரை சொன்னது.

பிறகு கொஞ்ச காலம் முன்பின் தெரியாதவர்களோடு ஆடினாள். எந்த ஊரோ, எந்த தேசமோ, முகமில்லாதவர்கள். விட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய தரப் புள்ளிகள் மளமளவென்று இறங்கி ஓரிடத்தில் நின்றன. இதுதான் நம் நிஜமான இடம் போல என்று எண்ணிக்கொண்டாள். அதில் வருத்தம் இருக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டங்களில் பேச்சும் இருக்கவில்லை.

பள்ளி விடுமுறைக் கூட்டம் மலையிறங்கி ரிசார்ட் காலியான ஒரு மதியம் ஆர்த்தியிடமிருந்து புது ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஒரு நாள் அவகாசமெல்லாம் இல்லை. ஒரே அமர்வில், ஆளுக்கு அரைமணி நேரம். நர்மதா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏற்றுக்கொண்டாள். சொசைட்டி கம்ப்யூட்டரில் ஆட்டத்தைத் திறந்து, போனில் ஆர்த்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் இருவரும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஆர்த்தி யோசிக்க எடுத்துக்கொண்ட ஓர் இடைவெளியில் நர்மதா சொன்னாள்: "அவரு அடிக்கலடி."

"ம்."

"பேச மாட்டாரு. அவ்வளவுதான். சோறு வெச்சா தின்பாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. நாலு வருசம். ஒரு நாளு காய்ச்சல்ல கெடந்தேன். என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல. அதச் சொன்னா, இதுக்கா ஊட்ட வுட்டு வந்தேம்பாங்க. அதாங் யாருகிட்டயும் சொல்லல."

திரையில் ஆர்த்தியின் குதிரை தாவி நர்மதாவின் யானையை வெட்டியது.

"ஏய், நான் பேசிட்டிருக்கேன்!"

"கேட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன். நீ சொல்லு."

யானை போனதில் நர்மதாவுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மீதியைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டத்தில் தோற்றிருந்தாள். சாயங்காலப் பாலுக்கு ஆள் வர இன்னும் நேரமிருந்தது. இந்தத் தடவை வெள்ளைக் காய் தனக்கு வேண்டும் என்றாள்.