பொட்டு வைத்த லேப்டாப்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு முருங்கைக்காயில் தொடங்கியது.

விருத்தாசலம் மார்க்கெட்டில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள் போய்க்கொண்டிருந்தார்கள். தோளில் கறுப்பு லேப்டாப் பை. உள்ளே மெத்தை வைத்துத் தைத்த நல்ல பை. அதன் வாயிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"பை நல்லா இருக்குதே, எங்க வாங்கினீங்க?"

"பொட்டியோட குடுத்தாங்க."

"பொட்டி எங்க?"

"அது வூட்டுல இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய்க் கூடைப் பக்கம் குனிந்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவேலை. ஒரு பையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே இட்டுக்கட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். கேட்டுக்கொண்டே படியுங்கள், கண்ணுகளா.

2

தொடக்கம் ஒன்று: "2009ஆம் ஆண்டு, தகவல் தொழில்நுட்பப் புரட்சி நம் சிற்றூர்களின் கதவைத் தட்டிய வேளையில்—"

அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று "வூட்டுல யாருங்க?" என்பார்கள்.

தொடக்கம் இரண்டு: "கோவிந்தராசு, மாடு பிடிக்கப் போகிறவரைப்போல லேப்டாப் பிடிக்கப் போனார்."

இது நிற்கட்டும். கோவிந்தராசுக்குக் கம்மாபுரம் பக்கம் நிலம், விருத்தாசலத்தில் வீடு. மகள் வேல்விழி. பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு, மின்கம்பத்துக்குப் பீங்கான் சுடுகிற ஒரு கம்பெனியில் சூளையின் சூட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ராஜ்மோகன், மஸ்கட்டில் வேலை. பையன் வீட்டார் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்துவிட்டது என்றார்கள். பையன்தான் பார்க்கவில்லை. அவனுக்கு லீவு கிடையாதாம். "கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்துப் பேசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பிரவுசிங் சென்டர்ல உக்கார வச்சா பொண்ணு காட்டுவாங்க? ஊரே பாக்கும்" என்றாள் கண்ணம்மாள், வேல்விழியின் அம்மா. அதனால்தான் லேப்டாப்.

வந்தவர்கள் வேல்விழியிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். சூளை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலையை விடச் சொல்வீர்களா என்று அவனையே கேட்க வேண்டும்; கேட்கும்போது அவன் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும். போனில் கேட்டால் குரல்தான் வரும். குரலில் நெற்றி சுருங்குவது தெரியாது.

சரி, கடைக்குப் போவோம். பாண்டிச்சேரியில் ஒரு கடை. கடைக்காரப் பிள்ளை ரேம் என்றான், ஹார்டு டிஸ்க் என்றான். கோவிந்தராசு ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி வைத்தார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல எழுத்துப் பலகையை விரலால் தடவினார்.

"இதான் சார் லேட்டஸ்ட்டு. வெயிட்டே இல்ல, இறகு மாதிரி இருக்கும்."

"இறகுக்கா தம்பி இவ்ளோ சொல்ற? தூக்குனா கையில ஒரு பொருள் இருக்கறது தெரிய வேணாம்?"

கடையிலேயே கனமானதைத் தேர்ந்தெடுத்து வாங்கிவந்தார். மடியில் வைத்துக்கொள்வதற்கென்று செய்த பொருளில் மடி தாங்காத ஒன்றைப் பார்த்து வாங்கிய பெருமை அவருக்கு உண்டு.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது இது. நட்சத்திரத்தை எங்கே போடுவதென்று எனக்குப் பிடிபடாததால் அடைப்புக்குள் போடுகிறேன்: வெள்ளி நிறத்தில் ஒன்று வேல்விழிக்குப் பிடித்திருந்தது. "வெள்ள அழுக்குப் புடிக்கும்" என்றார் அப்பா. சூளையில் வேலை பார்க்கிற மகளிடம்.)

3

அதற்குப் பிறகு அலங்காரம். லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. எழுத்துப் பலகைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்கும் மேலே, மிக்சிக்கும் டிவிக்கும் தைத்ததுபோலப் பழைய புடவையில் கண்ணம்மாள் தைத்த, ஓரத்தில் சுருக்கு வைத்த உறை. உறை போட்டே வைத்திருந்தால் சூடேறும் என்று வேல்விழி சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை எடுத்துவந்து நான்கு மூலைக்கும் கால்போல வைத்தாள். கீழே காற்று ஓடியது.

இன்டர்நெட்டுக்கு டேட்டா கார்டு. அது வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் செத்துக் கிடந்தது. ஜன்னல் கம்பியில் ஒயர் கட்டி வெளியே தொங்கவிட்டால் உயிர் வந்தது.

பேச வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் நல்ல காரியத்தைத் தொடங்க முடியுமா? கண்ணம்மாள் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்து, திறந்திருந்த லேப்டாப்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பீரோவுக்கு நெற்றி உண்டு, கிரைண்டருக்கு உண்டு. இதற்கும் இல்லாமலா போகும்? திரைக்கு மேலே, நட்டநடுவில், ஒரு சின்ன வட்டம் பளபளத்தது.

"பாருங்க, பொட்டு வைக்கறதுக்குன்னே எடம் உட்டு வச்சிருக்கான் கம்பெனிக்காரன்!"

தாராளமாக வைத்தாள்.

அது கேமராவின் கண் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேல்விழி அப்போது பின்கட்டில் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

4

இந்த இடத்தில் நின்று ராஜ்மோகனைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். முதல் தடவை அவனைக் கெட்டவனாக எழுதினேன். குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் அதட்டுகிறவன். பக்கத்து வீட்டு அன்னமேரிக்கு நான் எதையும் எழுதியவுடன் படித்துக் காட்டிவிடுவேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள்.

"யக்கா, இவன நான் எங்கயும் பாத்ததில்லியே."

"வில்லன் வேணாமா?"

"வெளிநாட்டுக்குப் போன நம்ம புள்ளைங்க யாரு இப்பிடி இருக்குது? ஃபோன் பண்ணா 'நல்லா இருக்கேன்'னு பொய் சொல்லும். அதான் அதுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே தப்பு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஆங்கிலத்தையும் பிடுங்கிவிட்டேன். கையில் மிஞ்சியவனைத்தான் இனி பார்க்கப்போகிறீர்கள்.

5

சாயங்காலம் இணைப்பு கிடைத்தது. திரையில் ராஜ்மோகன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை.

"ஹலோ, கேக்குதுங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. இருட்டா, ஓரத்துல செவப்பா இருக்குது."

திரையின் மூலையில், நம் படம் அவர்களுக்கு எப்படிப் போகிறது என்று காட்டுகிற சின்னக் கட்டம் ஒன்று உண்டு. வேல்விழி அதைப் பார்த்தாள். கருஞ்சிவப்பு. நிமிர்ந்து மேலே பார்த்தாள். பொட்டு. உடனே புரிந்துவிட்டது. கை எழுந்தது.

எழுந்த கை பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது.

"நெட்டு மெதுவா இருக்குதுங்க" என்றாள்.

(இந்தப் பொய்யை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொண்டு வரும்போது அவளே சொன்னாள்.)

"என்னாவாம்?" என்றார் கோவிந்தராசு.

"நம்ம படம் போவலியாம்ப்பா. அவுரு படம் வருது."

"நமக்குத் தெரியுதுல்ல? அப்பறம் என்னா!"

அவர் ஜன்னலுக்கு வெளியே போய் டேட்டா கார்டைக் கையில் தூக்கிப் பிடித்தார். படம் இன்னும் தெளிந்தது. "அசையாம நில்லுங்கப்பா" என்றாள் மகள். அங்கிருந்து, உள்ளே மெல்லப் பேசுவது அவர் காதில் விழாது.

கண்ணம்மாள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"தம்பி, சாப்டீங்களா? கொஞ்சம் எந்திரிச்சி நில்லுங்க தம்பி."

"எதுக்குங்க?"

"ஒசரம் பாக்கத்தான்."

பாவம், எழுந்தான். டைக்குக் கீழே கைலி. அவன் உடம்பு இவ்வளவு நேரம் மறைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், கயிற்றில் ஈரத்துணி, முகத்தில் துண்டு போட்டுத் தூங்குகிற ஒரு ஆள். தனி ஃபிளாட்டு என்று ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"யாரு தம்பி தூங்கறது? வேலக்காரரா?"

"ஃப்ரெண்டுங்க."

"நல்ல ஒசரம்தான்டி" என்று மகள் காதில் சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்து கண்ணம்மாள் ஓடினாள்.

இருவரும் தனியே. வேல்விழி கேட்டுவிட்டாள்.

"நான் சூளையில வேல பாக்கறேன். கல்யாணத்துக்கப்பறம் உடச் சொல்லுவீங்களா?"

பதில் சொல்வதற்கு முன் அவன் திரும்பிக் கட்டில்களைப் பார்த்தான். அப்புறம், கருஞ்சிவப்பாக இருந்த தன் திரையைப் பார்த்துப் பேசினான்.

"நான் என்னாங்க உடச் சொல்றது. உங்கள இங்க கூட்டியாற முடியாது. ரூமு இதான். அம்மா ஃபிளாட்டுன்னு சொல்லிருப்பாங்க. அவங்களுக்கு நான் சொன்ன பொய்யிதான் அது."

"அப்ப நான் ஸ்ரீமுஷ்ணத்துல இருக்கணும்."

"ஆமாங்க. அங்கேருந்து பஸ்ஸு இருக்குது, வேலக்கிப் போய்ட்டு வரலாம். அம்மா ஒத்துக்க மாட்டாங்க. நான் சொல்றேன்."

"எப்ப சொல்லுவீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அப்போது அந்த முகத்தில் என்ன இருந்தது? "பயம் இருந்தது" என்று எழுதினேன், அடித்தேன். "உண்மை இருந்தது" என்று எழுதினேன், அடித்தேன். "பயந்தவன் உண்மை பேசினால் அந்த உண்மையை எவ்வளவு தூரம்—"

"முன்னாடி" என்றான். "இன்னிக்கே."

அப்புறம் அவனுக்கு ஏதோ உறைத்தது.

"நீங்க என்னப் பாக்குறீங்களா?"

"ம்."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து."

"ஐயோ! அப்ப கைலி?"

"நீலக் கட்டம்."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் குரல் தணிந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நெட்டு மெதுவா, இல்ல நான் பாக்க வேணாமா?"

வேல்விழி கையை உயர்த்தினாள். விரல் நுனி பொட்டின்மேல் நின்றது.

6

இனி முடிவு. என்னிடம் சில உண்டு.

துடைத்துவிடுகிறாள், அவன் பார்க்கிறான், ஆவணியில் கல்யாணம். கண்ணம்மாளுக்கு இதுதான் வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமையில் குங்குமத்தை அழித்ததற்கு அவளே என்னைச் சும்மா விடமாட்டாள்.

துடைக்காமலே இணைப்பைத் துண்டிக்கிறாள். அவன் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போடுகிறானா என்று பொறுத்திருந்து பார்க்கிறாள். புத்திசாலித்தனமான முடிவு. அந்தப் பையன் இரவு முழுக்க அந்தக் கருஞ்சிவப்பையே நினைத்துக்கொண்டு கிடப்பான் என்பது எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று, கோழைக் கதைக்காரர்களுக்கென்றே எங்கள் ஊரில் தினமும் கிடைக்கிற முடிவு: கரண்டு போய்விடுகிறது. அதையும் எழுதிப் பார்த்தேன். கரண்டு போனது, லேப்டாப் மட்டும் அணையவில்லை. பேட்டரி! சாதாரணக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் எனக்கு வேலை முடிந்திருக்கும்.

"யக்கா, தொடச்சாளா இல்லியா? அதச் சொல்லு" என்றாள் அன்னமேரி. பூண்டை அப்படியே போட்டுவிட்டாள்.

"அடுத்த வரிய எழுதுனாத்தான் தெரியும்."

"எழுதேன்."

எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். வேல்விழி கறுப்பா சிவப்பா, மூக்கு எப்படி, சிரித்தால் எப்படி என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அவள் இதுவரை கண்டதெல்லாம் தட்டோடு வந்து நின்று பார்க்கப்பட்டதுதான். இன்றைக்குத்தான், தன்னை யாரும் பார்க்காமல், தான் ஒருவரை ஆற அமரப் பார்த்திருக்கிறாள். இப்போது யோசிக்கிறாள். யோசிக்கிற முகத்தை நான் எழுதினால், நீங்கள் படித்தால், நாமும் கேசரி சாப்பிட வந்தவர்கள்தான்.

வேண்டாம். வாருங்கள், நாமும் வெளியே போய்விடுவோம். என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படி கொஞ்சம் உயரம்.

ஜன்னலோரம் கோவிந்தராசு தூக்கிய கையை இறக்காமல் நிற்கிறார். தோள் வலிக்கிறது போலிருக்கிறது. நம்மைப் பார்த்தும் அவர் அசையவில்லை.

"வேலு, தெரியுதாம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்கிறார். "இன்னும் கொஞ்ச நேரம் புடிக்கட்டுமா?"

அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.